‘வாங்கு’ன்னு பட்டன்ல இருந்தா கிரயம் ஆயிடுமா?

போன வாரம் சேனல்ல சப்ஸ்கிரிப்ஷன் செலவு பத்திப் போட்ட வீடியோவுக்கு அப்புறம் ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தார். நம்ம திருப்பூர்லயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். சம்பளம் இருபத்தெட்டாயிரம். "அண்ணா, பாட்டு ஆப்புக்கு மாசாமாசம் கட்டுறது வாடகை வீட்ல இருக்கற மாதிரி. அதுக்குப் பிடிச்ச பாட்டை ஒரேயடியா காசு குடுத்து வாங்கிட்டா சொந்த வீடு ஆயிடுமில்லைங்களா? எது லாபம்?"

கணக்குக் கேள்வி. ரெண்டு வரியில பதில் போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். முடியல. ஏன்னா கால்குலேட்டரை எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு சிக்கல் இருக்கு. ‘காசு குடுத்து வாங்கிட்டா சொந்தம்’னு அவர் நம்பறார். நானும் ஒரு காலத்துல நம்பினேன்.

நமக்கு ஊர் நெருப்பெரிச்சல். வெளியூர்க்காரங்க பாதிப்பேருக்கு எங்க ஊர் தெரியறதே பத்திர ஆபீஸாலதான். திருப்பூர்ல இடம் வாங்கறவர், விக்கறவர் எல்லாம் ஒரு தடவையாவது எங்க ஊர் வந்து கைரேகை வெச்சுட்டுப் போவாங்க. அதனால இங்க கிரயம், ஒத்தி, வாடகை மூணுக்கும் என்ன வித்தியாசம்னு டீக்கடையில நிக்கறவரே சொல்லிடுவார். கிரயம்னா இடம் உங்க பேருக்கு வந்துடும், வித்தவருக்கு அப்புறம் அதுல பேச்சில்ல. ஒத்தின்னா பணத்தைக் குடுத்து அனுபவிக்கறீங்க, காலம் முடிஞ்சா பணம் உங்களுக்கு, வீடு அவருக்கு. வாடகை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

இப்ப நாலாவதா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. கிரய விலையை முழுசா வாங்கிக்கறாங்க. வீட்டுக்குள்ளயும் விடறாங்க. ஆனா சாவி வித்தவர்கிட்டயே இருக்கும். நீங்க ஒவ்வொரு தடவை வீடு மாத்தும்போதும், கட்டில் மாத்தும்போதும் அவர் வந்து திறந்து விடணும். அவர் கடையைச் சாத்திட்டு ஊரைவிட்டுப் போனா, வீடு அங்கேயே இருக்கும், நீங்க வெளிய நிப்பீங்க. ஒத்திக்காவது பணம் திரும்ப வரும். இதுல அதுவும் கிடையாது. இந்த மாதிரி ஒரு பத்திரத்தை எழுதிக்கொண்டு போனா எங்க ஊர் பத்திர எழுத்தரே சிரிப்பார். ஆனா காப்புப் பூட்டு போட்ட டிஜிட்டல் பாட்டு இப்படித்தான் விக்கப்பட்டுச்சு. அதுக்குப் பேர் டிஆர்எம்.

என் கதையைச் சொல்றேன். 2010. நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன். ஸ்டைபண்டு கைக்கு வந்து பஸ்ஸுக்கும் டீக்கும் போனா மிச்சம் எவ்வளவு நிக்கும்னு அந்த வழியில வந்தவங்களுக்குத் தெரியும். எங்கப்பா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வந்து சாப்பிடும்போது பழைய பாட்டு ஓடணும். அவரோட கேசட் எல்லாம் டேப் சுத்தி அறுந்துபோச்சு. சரி, நம்ம காசுல அப்பாவுக்குப் பாட்டு வாங்கித் தரலாம்னு ஒரு ஆன்லைன் கடையில நெட்பேங்கிங் போட்டு நாப்பது பாட்டு வாங்கினேன். பேர் வேண்டாம், அந்தக் கடையும் இப்ப இல்ல. ஆடிட்டர் ஆகப்போறவன் திருட்டு சிடி வாங்கக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம் வேற.

எட்டு மாசம் நல்லா ஓடிச்சு. அப்புறம் கம்ப்யூட்டர்ல வைரஸ், பார்மேட் போட்டோம். பைல் எல்லாம் சிடியில காப்பி எடுத்து வெச்சிருந்தேன், உஷாரா. திரும்ப ஏத்தித் தட்டினா, லைசென்ஸ் எடுக்கணும்னு ஒரு பெட்டி வந்துச்சு. ஓகே குடுத்தா சுத்திக்கிட்டே இருந்துச்சு. எதிர்ப்பக்கம் யாருமில்ல. நாப்பது பைலும் இருக்கு, பேர் இருக்கு, சைஸ் இருக்கு. சத்தம் மட்டும் இல்ல.

அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "ஏஞ்சாமி, காசு குடுத்துத்தான வாங்குன?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் நேரா ஒரு மொபைல் கடைக்குப் போய் அம்பது ரூபாய் குடுத்து மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏத்திட்டு வந்துட்டார். என் நாப்பது பாட்டும் அதுல இருந்துச்சு. ஓடவும் செஞ்சுச்சு.

திருட்டுப் பாட்டுக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லல. கிராக் பண்ணின அக்கவுண்டிங் சாப்ட்வேர்ல கணக்கு எழுதற கிளையண்டை நான் இன்னிக்கும் திட்டறவன். உழைச்சவனுக்குக் காசு போகணும். ஆனா அன்னிக்கு எங்க வீட்ல நடந்ததைப் பாருங்க. அந்தப் பூட்டு திருடினவரை ஒரு நிமிஷம்கூடத் தடுக்கல. காசு கட்டினவனை மட்டும் வெளிய நிறுத்திச்சு.

இது என் துரதிர்ஷ்டம் மட்டும் இல்ல. அந்தப் பூட்டோட அமைப்பே அப்படி. பாட்டு பைலைச் சங்கேதமா மாத்தி வெச்சிருப்பாங்க. அதைத் திறக்கற சாவி உங்க கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ தனியா வரும். கம்ப்யூட்டர் மாறினா, சாவியைத் திரும்ப அவங்க சர்வர்கிட்ட கேட்கணும். இதுல ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கு. நீங்க பாட்டைக் கேக்கணும்னா, எப்படியும் உங்க மிஷின்லயே பூட்டைத் திறந்தாகணும். திறக்கற வழி மிஷினுக்குள்ள இருக்குன்னா, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சுடுவார். ஒருத்தர் உடைச்சா போதும், அந்தப் பூட்டில்லாத காப்பி உலகம் முழுக்கப் போயிடும். உடைக்கத் தெரியாத, உடைக்க விரும்பாத மனுஷன்தான் பூட்டோட குடித்தனம் பண்ணணும். அதாவது நியாயமா வாங்கினவர்.

இதை நான் மட்டும் சொல்லல. அந்தப் பூட்டை அப்ப உலகத்துலயே அதிகமா வித்துக்கிட்டிருந்த ஆளே சொன்னார். 2007 பிப்ரவரியில ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதுல அவர் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2006ல ஆன்லைன் கடைகள்ல பூட்டோட வித்த பாட்டு 200 கோடிக்கும் கம்மி. அதே வருஷம் அதே இசைக் கம்பெனிகள், எந்தப் பூட்டும் இல்லாம, சிடியில வித்த பாட்டு 2,000 கோடிக்கும் மேல. அதாவது முன்வாசலைத் திறந்துபோட்டுட்டு, பின்னாடி ஜன்னலுக்கு அஞ்சு பூட்டு. எந்த ஆடிட்டர் இந்த உள்கட்டுப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவார்?

சிடிக்கும் பூட்டுப் போட்டுப் பார்த்தாங்க. 2005ல சோனி பிஎம்ஜி சில சிடிகள்ல வெச்ச பூட்டு, கம்ப்யூட்டர்ல போட்டதும் தன்னை ஒளிச்சு வெச்சுக்கற ஒரு மென்பொருளை உள்ள இறக்கிச்சு. மார்க் ருசினோவிச்சுங்கற கம்ப்யூட்டர் நிபுணர் தன் சொந்த மிஷின்லயே அதைப் பிடிச்சு வெளிய சொன்னார். அந்த மறைவிடத்தை வைரஸ்காரங்களும் பயன்படுத்த ஆரம்பிச்சதும், கம்பெனி சிடிகளைத் திரும்ப வாங்க வேண்டியதாச்சு. அதே பாட்டைத் திருட்டுத்தனமா இறக்கினவர் கம்ப்யூட்டர்ல அந்தப் பூட்டு ஏறவே இல்ல.

ஜாப்ஸ் கடிதத்துக்கு ரெண்டு மாசம் கழிச்சு இஎம்ஐ கம்பெனி இறங்கி வந்துச்சு. ஐட்யூன்ஸ்ல பூட்டுள்ள பாட்டு 99 சென்ட், பூட்டில்லாதது 1 டாலர் 29 சென்ட். தரமும் கொஞ்சம் கூட. 2009 ஜனவரியில மத்த பெரிய கம்பெனிகளும் சேர்ந்தாச்சு. பழைய பூட்டுப் பாட்டு வெச்சிருந்தவங்க, பாட்டுக்கு 30 சென்ட் கூடக் கட்டி மாத்திக்கலாம்னாங்க. இந்த 30 சென்ட்டைக் கவனிங்க. பூட்டுக்குச் சந்தையே ஒரு விலை போட்டுடுச்சு. பூட்டுள்ள பாட்டு கம்மியான சரக்கு. சரி, அப்ப அதுவரைக்கும் அதை ‘வாங்கு’ன்னு ஏன் வித்தீங்கன்னு கேட்கணுமா வேண்டாமா?

ஆப்பிள்காரங்களாவது கடையை நடத்தினாங்க. கடையைச் சாத்தினவங்க கதையைக் கேளுங்க. மைக்ரோசாப்ட்டோட எம்எஸ்என் மியூசிக் 2008 ஏப்ரல்ல தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தகவல் அனுப்பிச்சு. ஆகஸ்ட் 31க்கு அப்புறம் புது கம்ப்யூட்டருக்குச் சாவி குடுக்க மாட்டோம்னு. கூச்சல் கிளம்பினதும், 2011 கடைசி வரைக்கும் சர்வரை ஓட்டறோம்னு தேதியைத் தள்ளினாங்க. அதே வருஷம் யாஹூவும் தன் மியூசிக் கடைக்கு சாவி சர்வரை நிறுத்தறதா அறிவிச்சு, கடைசியில வாங்கினவங்களுக்குக் கூப்பனோ பணமோ குடுத்துச்சு. 2019ல மைக்ரோசாப்ட் மின்புத்தகக் கடையை மூடினப்போ பணத்தைத் திரும்பக் குடுத்துட்டு, புத்தகத்தை எல்லாம் வேலை செய்யாம ஆக்கிட்டாங்க. பணம் வந்துச்சே, என்ன நஷ்டம்னு கேட்கலாம். உங்க வீட்டு அலமாரியில இருக்கற புத்தகத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துட்டு, அதுக்கான காசை மேஜை மேல வெச்சுட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். பிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில பிளைட்டுன்னு ஒரு பாட்டுக் கடை ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கா? உங்கள்ல பலர் அப்ப ஸ்கூல் படிச்சிருப்பீங்க. தமிழ்ப் பாட்டும் இருந்துச்சு. பத்து ரூபாயை ஒட்டி ஒரு பாட்டு. முக்கியமான விஷயம், அது வெறும் எம்பி3. பூட்டே கிடையாது. வாங்கி, இறக்கி, போன்ல, கார்ல, பென்டிரைவ்ல எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம்.

2013 ஜூன்ல அந்தக் கடையை மூடிட்டாங்க. வாங்கினவங்க பாட்டை இறக்கி வெச்சுக்க ஆகஸ்ட் வரைக்கும் டைம் குடுத்தாங்க. இறக்கினவங்களுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. நான் அங்க வாங்கின பாட்டு இன்னிக்கும் என் ஹார்ட் டிஸ்க்ல ஓடுது. கடை போயிடுச்சு, சரக்கு நம்ம கையில. எம்எஸ்என் வாடிக்கையாளர் பட்ட பாட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதுதான் கிரயம்.

"அதான் பூட்டில்லாம வித்து நஷ்டப்பட்டு மூடினாங்களே"ன்னு ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூடினதுக்கு அவங்க சொன்ன காரணத்துல திருட்டுப் பாட்டும் ஒண்ணு. ஆனா அந்தத் திருட்டுப் பாட்டு பிளைட்ல இருந்து கிளம்பல. சிடி வந்த அன்னிக்கே அது வெளிய இருந்துச்சு. பிளைட் பூட்டுப் போட்டு வித்திருந்தா, வாங்கின கொஞ்சம் பேரும் ஓடியிருப்பாங்க. அவங்க சொன்ன இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம்: சின்னத் தொகையைக் கட்டறது கஷ்டம். 2009 ஆகஸ்ட்ல இருந்து ஆன்லைன்ல கார்டு போட்டா ரெண்டாவது பாஸ்வேர்டும் கட்டாயம்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்துச்சு. பாதுகாப்புக்கு நல்லது. ஆனா பத்து ரூபாய் பாட்டுக்குக் கார்டு நம்பர், பாஸ்வேர்டு, நடுவுல நெட் கட்டாகி மறுபடியும் முதல்ல இருந்து! யுபிஐ வந்தது 2016. இன்னிக்கு எங்க ஊர் டீக்கடையில பத்து ரூபாயை நாலு செகண்ட்ல கட்டறோம். பிளைட் நாலு வருஷம் முன்னாடி பொறந்த குழந்தை. கடை செத்தது கல்லாப்பெட்டி இல்லாததால, பூட்டு இல்லாததால இல்ல. இது என் கருத்து, ஒத்துக்காதவங்க இருக்கலாம்.

பூட்டு எல்லாமே அநியாயம்னும் நான் சொல்ல மாட்டேன். எங்கம்மாகிட்ட ஒரு கார்வான் இருக்கு. சரிகமா கம்பெனி 2017ல கொண்டுவந்த அந்த ரேடியோ மாதிரிப் பெட்டி. உள்ள 5,000 பாட்டு, எதையும் வெளிய காப்பி எடுக்க முடியாது. அதுவும் பூட்டுதான். ஆனா அந்தப் பெட்டி பாட யாரையும் அனுமதி கேட்கறதில்ல. நாளைக்குக் கம்பெனியே இல்லைன்னாலும் பேட்டரி இருக்கற வரைக்கும் பாடும். வாங்கினப்ப என்ன சொன்னாங்களோ அது அப்படியே நிக்குது. எனக்குப் பிரச்சினை பூட்டுல இல்ல. சாவி யார் கையில, அதை வாங்கும்போதே சொன்னாங்களாங்கறதுலதான்.

மாசாமாசம் கட்டற ஆப்புகளையும் அதே அளவுகோல்லதான் பார்க்கறேன். அதுல இறக்கற பாட்டுக்கும் பூட்டு உண்டு, சந்தாவை நிறுத்தினா ஓடாது. ஆனா அது வாடகைன்னு சொல்லித்தான் குடுக்கறாங்க. 2023ல ஜீ மியூசிக்கோட ஒப்பந்தம் முடிஞ்சதும் ஸ்பாட்டிபைல இருந்து அவங்க பாட்டு எல்லாம் காணாமப்போச்சு. 2024 ஜனவரியில ரெஸ்ஸோ மூடினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல விங்க்கை மூடப்போறதா ஏர்டெல் அறிவிச்சாங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா ஏமாத்திட்டார்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை. அந்த ஆப்புகள்ல ‘டவுன்லோட்’னு ஒரு பட்டன் வெச்சிருக்காங்க பாருங்க, அந்த வார்த்தை தப்பு. அது நெட் இல்லாதப்ப கேட்க ஒரு வசதி, அவ்வளவுதான். ஆப்பிள்ல இன்னும் குழப்பம். ஐட்யூன்ஸ்ல காசு குடுத்து வாங்கின பாட்டுக்குப் பூட்டு கிடையாது, ஆப்பிள் மியூசிக் சந்தாவுல இறக்கின பாட்டுக்குப் பூட்டு உண்டு. ரெண்டும் ஒரே லைப்ரரியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கும்.

இனி ஆடிட்டர் கண்ணாடியைப் போட்டுக்கறேன். கணக்கியல்ல ஒரு பொருளைச் சொத்துன்னு காட்டணும்னா, அது உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கும் இதே விதிதான், ஏஎஸ் 26 அதைத்தான் கேக்குது. எப்ப வேணும்னாலும் இன்னொருத்தர் நிறுத்தலாம்னா அது சொத்து இல்ல, முன்கூட்டியே கட்டின செலவு. அதைச் சொத்தாவே காட்டினாலும் தேய்மானம் போட ஆயுள் தெரியணும். பூட்டுப் பாட்டுக்கு ஆயுள் எத்தனை வருஷம்? சர்வரை நிறுத்தறவருக்குத்தான் தெரியும்.

வரிக்காரங்க பக்கம் இன்னும் வேடிக்கை. 2004ல டிசிஎஸ் – ஆந்திர அரசு வழக்குல, கடையில ரெடிமேடா விக்கற சாப்ட்வேர் சரக்குதான், விற்பனை வரி உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. வாங்க, விக்க, கைமாத்த, வெச்சுக்க முடியுதுன்னா அது சரக்கு. இப்ப ஜிஎஸ்டியில, நெட் வழியா இறக்கற பாட்டு, புத்தகம், சாப்ட்வேர் எல்லாம் ஆன்லைன் சேவைங்கற பட்டியல்ல வருது. சிடி வாங்கினா பில்லுல 8523னு சரக்குக் கோடு இருக்கும். டிஜிட்டலா வாங்கினா 99ல ஆரம்பிக்கற சேவைக் கோடு இருக்கும். பட்டன்ல ‘வாங்கு’, பில்லுல ‘சேவை’, விதிமுறையில ‘உரிமம் மட்டும், எப்ப வேணும்னாலும் திரும்பப் பெறலாம்’. ஒரே பாட்டுக்கு மூணு பேர். உங்களுக்குச் சாதகமான பேர் பட்டன்ல மட்டும்தான் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடுவோம். நான் வக்கீல் இல்ல, படிச்சதைச் சொல்றேன். 2012ல நம்ம காப்புரிமைச் சட்டத்துல 65ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. காப்புரிமையை மீறற நோக்கத்தோட இந்த மாதிரிப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. அந்த ‘மீறற நோக்கத்தோட’ங்கற வார்த்தைதான் உயிர். அமெரிக்காவுல 1998 சட்டப்படி உடைக்கறதே பொதுவாத் தப்பு. நம்ம சட்டம், இந்தச் சட்டம் தெளிவாத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செஞ்சா இந்தப் பிரிவு குறுக்க வராதுன்னு விலக்கும் குடுக்குது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவுல ஏற்கனவே இடம் இருக்கு. ஆனா ஒரு கொக்கி. உங்களுக்காக வேற ஒருத்தர் உடைச்சுக் குடுத்தா, அவர் உங்க பேர், முகவரி, எதுக்காகன்னு எல்லாம் ஒரு பதிவேட்டுல எழுதி வைக்கணும். பாண்டியன் நகர் மொபைல் கடைக்காரர் அப்படி ஒரு லெட்ஜர் போட்டு உட்கார்ந்திருக்கறதை நினைச்சுப் பாருங்க. சட்டம் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கு, யாரும் நுழைய முடியாத உயரத்துல. போதாததுக்கு, சட்டம் விட்டாலும் கடையோட விதிமுறை விடாது, அக்கவுண்டையே மூடலாம்.

கலிபோர்னியாவுல 2025 ஜனவரி 1ல இருந்து ஒரு சட்டம் அமல்ல இருக்கு. திரும்பப் பிடுங்கக்கூடிய டிஜிட்டல் பொருளை விக்கறவங்க, இது உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம ‘வாங்கு’ங்கற வார்த்தையைப் போடக் கூடாது. பூட்டில்லாம நிரந்தரமா இறக்கிக்க விடறவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. பூட்டுக்குத் தடையே இல்ல பாருங்க, பொய்க்குத்தான் தடை. நம்ம ஊர்லயும் 2023 நவம்பர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் ஏமாத்து வேலைகள்னு 13 வகையைப் பட்டியல் போட்டுச்சு. சந்தாவுல சிக்க வைக்கறது, கடைசி நிமிஷத்துல விலையை ஏத்தறது எல்லாம் அதுல இருக்கு. வாடகையைக் கிரயம்னு பட்டன் போட்டு விக்கறதுக்கு அதுல தனியா ஒரு பேர் இல்ல. பதினாலாவதா அதைச் சேர்க்கணும்ங்கறது என் கோரிக்கை. ஒரு வரி போதும்: ‘இது உங்களுக்குச் சொந்தமாகாது’ன்னு விலைக்குப் பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல.

சரி, மெர்ச்சண்டைசர் தம்பி கேட்ட கணக்கு. சந்தா மாசம் சுமார் 120 ரூபாய்னு வெச்சுக்குவோம், வருஷத்துக்கு 1,440. ஐட்யூன்ஸ் 2012 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தப்ப பாட்டு 12, 15 ரூபாய்னு இருந்துச்சு, கணக்குக்கு 15ஏ போடறேன். நீங்க திரும்பத் திரும்பக் கேக்கறது 300 பாட்டுன்னா 4,500 ரூபாய். மூணு வருஷம் சொச்சத்துல முதல் எடுத்தாச்சு, அதுக்கப்புறம் ஓசி. ஆனா மாசம் இருபது புதுப் பாட்டு வேணும்னு அலையற ஆளுன்னா மாசம் 300 ஆகும், பேசாம சந்தாவுல இருங்க. இந்த ரெண்டுமே பூட்டில்லாத பாட்டுக்கான கணக்கு. அதே 4,500ஐப் பூட்டுள்ள பாட்டுல போட்டு, ரெண்டாவது வருஷக் கடைசியில கடை மூடினா? மாசத்துக்கு 187 ரூபாய் ஐம்பது பைசா. வாடகையை விட அதிகம், கையில ஒண்ணும் இல்ல. அதனால என் பதில்: பூட்டில்லாம கிடைச்சா வாங்குங்க, பூட்டோட மட்டும்தான் கிடைக்கும்னா வாடகைக்கே இருங்க. பூட்டோட கிரயம் மட்டும் வேண்டவே வேண்டாம், என்ன ஆஃபர் போட்டாலும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. அந்தப் பைலை ஒரு பென்டிரைவ்ல போட்டு, நெட்டே இல்லாத கார் ஸ்டீரியோவுல செருகிப் பாருங்க. பாடினா உங்களுது. தனியா இசை போடற கலைஞர்கள் பலர் பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல பூட்டில்லாம விக்கறாங்க, காசும் அவங்களுக்குக் கொஞ்சம் நேரா போகும். வாங்கின அன்னிக்கே ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வெச்சுடுங்க. பில் மெயிலைத் தூக்கிப் போடாதீங்க, கடை மூடினா பணம் கேக்க அது ஒண்ணுதான் ஆதாரம். இன்னொண்ணு: பேங்க் அக்கவுண்டுக்கு நாமினி போடுங்கன்னு வாராவாரம் கத்தறேன். உங்க பாட்டு அக்கவுண்டுக்கு நாமினி போடற இடம் எங்கயாவது பார்த்திருக்கீங்களா? பெரும்பாலான விதிமுறைகள்ல ‘வேறொருவருக்கு மாற்ற இயலாது’ன்னுதான் இருக்கும். அப்பாவோட கேசட் பெட்டி எனக்கு வந்துச்சு. என் ஆப் லைப்ரரி என் பொண்ணுக்கு வராது.

அந்த நாப்பது பைலும் இன்னும் ஒரு சிடியில என்கிட்ட இருக்கு. போன மாசம் ஆபீஸ் அலமாரியை ஒழிக்கும்போது கிடைச்சுது. பழைய லேப்டாப்ல போட்டுத் தட்டினேன், அதே பெட்டி வந்துச்சு. அப்பா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார், இப்ப கம்பெனிக்குப் போறதில்ல. "இன்னுமா அதைய வெச்சிருக்கற?"ன்னு கேட்டுட்டு, தன் போனை எடுத்து அந்த மெமரி கார்டு பாட்டைப் போட்டுவிட்டார்.

உங்ககிட்டயும் இப்படிப் பூட்டோட தங்கிப்போன பாட்டு இருந்தா, எந்த வருஷம், எவ்வளவு குடுத்து வாங்கினீங்கன்னு எழுதுங்க. மின்புத்தகம், கேம்ஸ் கணக்கை அடுத்த வீடியோவுல தனியாப் போடறேன், அது இதைவிடப் பெரிய தொகை.